"நாளைக்குப் பார்ப்போம்" என்று நான் சொன்னது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பூனையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடியதைப் படித்தவர்களுக்குத் தோன்றாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆடு, மாடு, கோழி என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். பூனையை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை, நானும் தேடிப் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் இங்கே பாதிப் பேர் என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். மறுத்து மறுத்து எனக்கும் அலுத்துவிட்டது. அந்த மரியாதையை நம்பித்தான் பி பிளாக்கிலிருந்து என்னிடம் வந்து கேட்டார்கள். நான் தப்பான பதில் சொன்னேன். அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நாலாம் வகுப்புப் படிக்கிற பாப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டு மாடியில் பூனை குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்கோவா அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆறு வாரக் குட்டி. சனிக்கிழமை திரைச்சீலையில் ஏறி விளையாடியது. அன்றைக்கே அவள் கையில் ஒரு கீறலும் போட்டது. ஞாயிறு காலையில் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தது, ஆனால் குடிக்கவில்லை. அவளுடைய அம்மா படிக்கட்டில் என்னைப் பார்த்து, "குட்டி காலையிலிருந்து ஒன்னும் சாப்பிடலை, டாக்டர்கிட்ட போகணுமா?" என்று கேட்டார்கள்.

"புது இடம், மிரண்டுபோய் இருக்கும். நாளைக்குப் பார்ப்போம்" என்றேன்.

அன்று ராத்திரி மஞ்சளாக வாந்தி எடுத்தது. திங்கள் காலையில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். உடம்பு சில்லிட்டிருந்தது. அவர் ட்ரிப் போட்டார், சூடு கொடுத்தார், மலத்தை எடுத்துச் சோதித்தார். மதியத்துக்குள் போய்விட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில் பாப்பா என்னிடம் கேட்டாள்: "தாத்தா, நேத்தே வந்திருந்தா பிழைச்சிருக்குமா?" தெரியவில்லை என்றேன். அது உண்மைதான். ஒரு நாள் முன்னால் போயிருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும் என்பதும் உண்மை. அதை அன்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குழுவில் "விஷம் வைத்துவிட்டார்கள்" என்று எழுதிவிட்டார்கள். பார்க்கிங்கில் பூனை அசிங்கம் செய்கிறது என்று தரைத்தளத்து வீட்டார் இரண்டு முறை புகார் கொடுத்திருந்தார்கள். அதனால் பெயர் சொல்லாமலே எல்லோரும் அந்த வீட்டைத்தான் கையைக் காட்டினார்கள். அந்த வீட்டு அம்மா இரண்டு நாள் கீழே இறங்கவே இல்லை. இது நமக்கு அழகில்லை.

அது விஷம் இல்லை. சோதனையில் வந்தது ஒரு வைரஸ். பான்லூக்கோபீனியா என்று பெயர். நாக்கில் சுழலாத பெயர், அதனால் பூனைப் பார்வோ என்றே சொல்கிறேன். நேற்று ஓடி ஆடிய குட்டி இன்று விறைத்துக் கிடப்பதால், எந்த ஊரிலும் ஜனங்கள் முதலில் சந்தேகப்படுவது விஷத்தைத்தான் என்று மருத்துவர் சொன்னார். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோய் காட்டுவதற்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாள் ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். குட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது, ஞாயிறு காலையில் படுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இங்கே வரும் முன்பே அது தொற்றோடுதான் வந்திருக்கிறது. தரைத்தளத்து அம்மா இன்று இங்கே வந்திருக்கிறார்கள். குழுவில் எழுதியவர்களும் வந்திருக்கிறார்கள். போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

பார்வோ என்ற சொல் நம் ஊருக்குப் புதிதில்லை. ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரனுக்கு நாய்தான் ஞாபகம் வரும். 2005-ல் இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, நான்கில் ஒன்று நம் ராஜபாளையம். இங்கே நாய் வளர்த்த வீடுகளில் ரத்தக் கழிச்சலில் குட்டி போன கதை இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த நோய் 1970-களின் கடைசிவரை நாய்களிடம் தெரியாத நோய். 1978-ல்தான் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நாய்க்குட்டிகள் சாக ஆரம்பித்தன. பூனைகளிடம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்த வைரஸோ, அதன் நெருங்கிய உறவோ மாறித்தான் நாய்க்கு வந்தது. 1982-லேயே சென்னையிலிருந்து நம் ஆய்வாளர்கள் அதை இந்தியாவில் பதிவு செய்துவிட்டார்கள். ஆக, நாய்ப் பார்வோவுக்குப் பூனை நோய் அண்ணன் முறை. பாப்பாவின் குட்டிக்கு மருத்துவர் போட்ட சோதனைப் பட்டைகூட நாய்க்குட்டிக்குப் போடுகிற அதே பட்டைதான்.

இதில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது சுற்றுகிற நாய்ப் பார்வோ வகைகள் பூனையையும் தொற்றும். சமீபத்தில் நாய்க்குட்டி பார்வோவில் போன வீடு என்றால், ஊசி போடாத பூனைக்குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

நாய் நன்றாகத் தெரிந்த ஊர் என்பதாலேயே நமக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. பூனைக்குட்டியைச் சின்ன நாய்க்குட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். நான் நினைத்ததும் அதுதான். நாய்க்குட்டி ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் வயிறு சரியில்லை என்று விடலாம், அது முனகும், காலைச் சுற்றும், தன் கஷ்டத்தை நமக்குச் சொல்லும். பூனை சொல்லாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நோயோடு இருக்கும்போதும் உர்ர் உர்ர் என்று சத்தம் கொடுக்கும், நாம் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்போம். உடம்பில் சேமிப்பு எதுவும் இல்லாத அரைக்கிலோ உயிர் அது. வாந்தியும் கழிச்சலும் சேர்ந்தால் ஒரே நாளில் வற்றிவிடும். அதனால் குட்டி காலையும் மதியமும் சாப்பிடவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். கூடவே வாந்தியும் இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாலும், ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும் அதே அவசரம்தான்.

ஈறைப் பார்ப்பது சுலபம். உதட்டை மேலே தூக்கினால் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியோ குடல்புழுவோ ரத்தத்தைக் குடித்திருக்கும். தெரு, மாடிக் குட்டிகளில் அது சர்வசாதாரணம். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது சும்மா. காதும் பாதமும் சில்லென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆரோக்கியமான பூனையின் சூடு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை, நம்மைவிடக் கூடுதல். ஆகவே நம் கைக்கு அது எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் குளிர்ந்துபோகுமா என்று கேட்கிறீர்கள். போகும். தாயும் கூடப் பிறந்தவையும் இல்லாமல், டைல்ஸ் தரையில், மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்தால் போதும். தண்ணீர் பாட்டிலில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். விலகிப் போக இடமும் இருக்கட்டும். ரொம்ப முக்கியமானது, சில்லிட்ட குட்டிக்கு வாயில் பால் ஊற்றக் கூடாது. குடல் வேலை செய்யாது, பால் நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, பிறகுதான் உணவு. பாட்டிலிலோ சிரிஞ்சிலோ கொடுப்பதானால் குப்புறப் படுத்த நிலையில் கொடுங்கள். குழந்தையை மடியில் மல்லாக்கப் போடுவதுபோல் போட்டுக் கொடுத்துத்தான் நிறையக் குட்டிகள் புரையேறிச் சாகின்றன.

பால் என்றதும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். பூனைக்குப் பால் கொடுக்கக் கூடாதா? பசும்பால் நிறையக் குட்டிகளுக்குக் கழிச்சல் கொடுக்கும், ஏற்கெனவே நோயில் இருக்கிற குட்டிக்கு அந்தக் கழிச்சலே எமன். தாயில்லாத சின்னக் குட்டிக்குப் பூனைக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள். நாலு வாரம் தாண்டினால் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை மசித்துக் கொடுக்கலாம். பச்சைக் கறிக்கழிவு வேண்டாம். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பூனைகளுக்கே பறவைக் காய்ச்சல் வந்தது. சைவ வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பூனை மாமிசம் தின்னும் பிராணி. அதற்கு டாரின் என்கிற சத்து கட்டாயம் வேண்டும், அது இறைச்சியில்தான் கிடைக்கும். தயிர்சாதத்திலேயே வளர்த்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். கறியைத் தொட முடியாது என்றால் குட்டிகளுக்கான பாக்கெட் உணவு வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, அந்தச் சுவையை உணர்த்தும் மரபணு அதனிடம் வேலை செய்யவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பூனைக்கு ஊட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பொருளை ஏன் வீணாக்குகிறீர்கள்?

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் பிளாக்கிலேயே ஒருவர், பெயர் வேண்டாம், குட்டிக்கு உடம்பு சுடுகிறது என்று குழந்தைக்கு வைத்திருந்த பாராசிட்டமால் சிரப்பை எடுத்துவிட்டார். நல்லவேளை, ஊற்றுவதற்கு முன் போன் செய்தார். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொல்லப் போதும். ஈறு காப்பி நிறமாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். மாற்று மருந்து உண்டு, ஆனால் உடனே போக வேண்டும். அதேபோல் நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற மருந்து நம் ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வெட்டு வந்து விழும். ஒரு சொட்டுகூடப் போட வேண்டாம். தெள்ளு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப் போட்டுக் குளிப்பாட்டி, உடனே துவட்டி, பேன் சீப்பால் வாருங்கள். நோயில் துவண்டு கிடக்கிற குட்டியைக் குளிப்பாட்டாதீர்கள், சீப்பு மட்டும் போதும். கண் பீளை கட்டியிருந்தால் சத்திரப்பட்டிக் காஜ் துணி நம்மிடம் இல்லாமலா போகும்? வெந்நீரில் நனைத்து மெல்லத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது ஃபினாயில். குட்டி செத்த அன்று பி பிளாக் மூன்றாவது மாடி முழுக்க ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம். வாசம் இரண்டு நாள் போகவில்லை, சுத்தமாகிவிட்டது என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். மருத்துவரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். இந்த வைரஸ் ஃபினாயிலுக்குச் சாகாது, தரையில் ஒரு வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும். அதே நேரம் ஃபினாயில் பட்ட பாதத்தைப் பூனை நக்கினால் பூனைக்குத்தான் விஷம். பாச்சை உருண்டையும் அப்படித்தான். வைரஸைக் கொல்வது ப்ளீச். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கிற மாதிரி விட வேண்டும். அதன்பின் அலசிக் காயவிட்ட பிறகே பூனையோ குழந்தையோ அந்தப் பக்கம் போகலாம். டாய்லெட் ஆசிட்டோடு ப்ளீச்சைக் கலந்துவிடாதீர்கள், நச்சுப் புகை வரும். துப்புரவு செய்கிற அக்காவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். குட்டி படுத்த துணி, அட்டைப்பெட்டி, மெத்தை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பாப்பா அந்தப் பால்கோவாப் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றாள். நான்தான் பேசி வாங்கினேன்.

நம் செருப்பிலும் கையிலும் உடையிலும் இந்த வைரஸ் ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே தெருப் பூனையைத் தடவிவிட்டு வீட்டுக் குட்டியைத் தூக்காதீர்கள், சோப் போட்டுக் கை கழுவுங்கள். மனிதருக்கு இந்த நோய் வராது, அந்தப் பயம் வேண்டாம்.

மனிதருக்கு வருவது வேறு. பாப்பாவின் கையில் இருந்த அந்தக் கீறல்தான் திங்கள் மதியம் மருத்துவர் முதலில் கேட்டது. ஊசி போடாத குட்டி, இரண்டு நாளில் செத்திருக்கிறது. பார்வோ என்று தெரிந்தாலும் வெறிநோய் விஷயத்தில் யூகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார். ஓடும் தண்ணீரில் சோப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனோம். தடுப்பூசி இலவசம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை. பாப்பா நாலையும் போட்டு முடித்துவிட்டாள், கடைசி ஊசிக்கு அழவே இல்லையாம். குட்டி கடித்தால், ரத்தம் வருகிற மாதிரி கீறினால், மஞ்சளையும் சுண்ணாம்பையும் தேடாதீர்கள். படர்தாமரையும் பூனைக்குட்டியிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும், அது களிம்பில் சரியாகிவிடும். கர்ப்பிணிப் பெண்கள் இருக்கிற வீட்டில் பூனையின் மலத் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யுங்கள். அதற்காகப் பூனையை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை.

இனி நல்ல செய்தி ஒன்று. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மூன்று குட்டி இருந்தது உங்களுக்குத் தெரியும். பத்து நாள் கழித்து அதில் கறுப்புக்குட்டி காலையில் சாப்பிட வரவில்லை. வாட்ச்மேன் தம்பிதான் பார்த்தார். அவர் என்னைக் கேட்கவே இல்லை, நேராகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்காததே நல்லது. அதுவும் பார்வோதான். வைரஸைக் கொல்கிற மருந்து கிடையாது. ட்ரிப், வாந்தி நிற்க மருந்து, வெள்ளை அணு குறைந்த உடம்பில் வேறு கிருமி ஏறாமல் இருக்க ஆன்டிபயாடிக், சூடு, காவல், அவ்வளவுதான். முதல் ஐந்து நாளைத் தாண்டினால் பெரும்பாலும் தேறிவிடும் என்றார்கள். ஆறாம் நாள் தானாகவே கறியை நக்கியது. இப்போது ஏ பிளாக்கில் சோபாவைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டையும் தனியாகப் பிரித்துத் தடுப்பூசி ஆரம்பித்தோம். செலவைத் தரைத்தளத்து அம்மாதான் பாதி கொடுத்தார்கள். இதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லிவிட்டேன்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு நாலு மாதம் ஆகும்வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த ஊசியை அமுக்கிவிட்டிருக்கலாம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். குட்டியைக் கொண்டுவரும் முன்பே எந்த மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை இருப்பார், ராத்திரி யாரைக் கூப்பிடலாம் என்று போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். பெரிய சிகிச்சை வேண்டும் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம், அதனால் குட்டி தாங்குமா என்பதை இங்கே உள்ள மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சங்க அலுவலகத்தில் ஒரு சமையல் தராசு வாங்கி வைத்திருக்கிறோம். புதுக்குட்டி வந்த வீட்டார் முதல் இரண்டு வாரம் தினமும் அதே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். பிறக்கும்போது சுமார் நூறு கிராம், ஒரு மாதத்தில் நானூறு சொச்சம், இரண்டு மாதத்தில் எண்ணூறு. நம் தெருக்குட்டிகள் இதில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தினமும் பத்து, பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் கவனியுங்கள், இறங்கினால் கிளம்புங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தின நாளே தராசுக்குத் தெரியும். சாவி வாட்ச்மேன் தம்பியிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பாப்பா கை தூக்குகிறாள். அவள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். வேறு குட்டி எப்போது கொண்டுவரலாம், அதுதானே? உன் வீட்டில் வைரஸ் இன்னும் இருக்கலாம், கண்ணு. சின்னக் குட்டி ஒரு வருடத்துக்கு வேண்டாம். எல்லா ஊசியும் போட்டு முடித்த, கொஞ்சம் வளர்ந்த பூனை என்றால் முன்னாடியே கொண்டுவரலாம். பார்க்கிங்கில் அந்த இரண்டுக்கும் கடைசி ஊசி அடுத்த மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து நீயும் அம்மாவும் வந்து பாருங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்காதே.